பச்சை பூசிய எட்டு நட்டுகள்

கயிற்றுக்கு இந்தப் பக்கம் நெவில் தர்ஸ்டன் நின்றிருந்தார். அந்தப் பக்கம் அவருடைய ஜீப் நின்றிருந்தது. நடுவில் மூன்றடி ஈரப்புல். நடுவர் பரிசோதிக்கும்போது உரிமையாளர் வாயைத் திறந்தால் பத்து மதிப்பெண் காலி. கயிற்றைத் தாண்டினால் போட்டியை விட்டே நீக்கம். வெதர்ட்டன் பழைய ராணுவ வண்டிச் சங்கத்தின் பதினான்காம் விதி அது. ஒரு வருஷம் ஒருத்தர் தன் லாரியின் வைப்பர் அசல்தான் என்று நடுவரிடம் நாற்பது நிமிஷம் வாதாடினார். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. வைப்பர் அசலோ இல்லையோ, ஓடாது என்பது இங்கிலாந்தின் நார்ஃபக் மாவட்டம் முழுக்கத் தெரிந்துபோனது. மறுவருஷம் கயிறு வந்துவிட்டது.

நெவிலுக்கு அறுபத்தொரு வயது. நான்கு வருஷமாகத் தொடர்ந்து இரண்டாம் பரிசு. இந்தத் தடவை கோப்பையை விடுவதில்லை என்று மூன்று குளிர்காலம் கொட்டகையிலேயே கிடந்தார். வண்டியின் மற்ற பாகங்களுக்கு ஒரு குளிர்காலம் போதுமானதாக இருந்தது. சக்கர ரிம்களுக்குத்தான் இரண்டு தேவைப்பட்டது.

அந்த ரிம்கள் சாதாரண ரிம்கள் அல்ல. க்ரீம் பிஸ்கட்டைப் போல இரண்டு பாதி, நடுவில் டயர். இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடிக்க வெளிவட்டத்தில் எட்டு நட்டு. மொத்தச் சக்கரத்தையும் வண்டியோடு பிடிக்க நடுவில் ஐந்து நட்டு. இரண்டு பாதியிலும் செய்தவர் குறியும் வருஷமும் முத்திரையாக அடித்திருக்கும். நாற்பத்து மூன்றாம் வருஷத்து ஜீப் என்றால் பத்துப் பாதியும் நாற்பத்து மூன்றாகவோ அதற்கு முந்தியதாகவோ இருந்தாக வேண்டும். ஸ்டெப்னியோடு ஐந்து சக்கரம், பத்துப் பாதி. நெவில் ஒன்பதைத் தேடிப் பிடித்தார். துரு சுரண்டி, பள்ளம் அடைத்து, தேய்த்து, பச்சை அடித்தார். பின் இடது சக்கரத்தின் உள்பாதி மட்டும் கிடைக்கவில்லை. கிடைத்தது ஐம்பத்து மூன்றாம் வருஷத்துப் பாதி, இரண்டாம் உலகப்போர் முடிந்து எட்டு வருஷம் கழித்துப் பிறந்தது. நெவில் 53 என்ற முத்திரையில் ஐந்தை வெல்டிங் வைத்து அடைத்து, அரத்தால் ராவி, நாலாக்கிவிட்டார். முத்திரை பின்பக்கம் இருந்தது, பிரேக் டிரம் மறைத்துக்கொண்டது. யார் பார்க்கப் போகிறார்கள்?

கேப்டன் லோம்பே பார்க்கப் போகிறார் என்பது இப்போது தெரிந்துவிட்டது.

கேப்டன் லோம்பே ராணுவத்தில் பதினேழு வருஷம் போர்வைக் கிடங்கைக் காத்தவர். எதிரியின் குண்டு அவர் பக்கம் வந்ததே இல்லை, பூச்சிகள் வந்தன. அதே விழிப்போடு இப்போது அசல்தன்மையைக் காத்துவந்தார். ஒரு கையில் மதிப்பெண் தாள்கள் செருகிய அட்டை, மறு கையில் பச்சையின் பதினொரு சாயல்களைக் காட்டும் வண்ணச்சீட்டு. ஜீப்பைச் சுற்றிவந்தவர் பின் இடது சக்கரத்தருகே நின்றுவிட்டார்.

"ஹேசல், இது ரொம்பச் சுத்தமா இருக்கே."

"சுத்தமா இருந்தா தப்பா கேப்டன்?"

"மத்த நாலும் சுத்தம். இது ரொம்பச் சுத்தம். எனக்கு நெருடுது. உள்பாதி என்ன வருஷம்?"

ஹேசல் டக்ஃபீல்ட் நடுவருக்கு உதவியாள். நாற்பது வயது. வாரம் முழுக்கப் பண்ணை டிராக்டர்களுக்கு வைத்தியம், ஞாயிற்றுக்கிழமை தன் பழைய பிரிட்டிஷ் ராணுவ லாரிக்கு. அவள் மல்லாந்து ஜீப்புக்கடியில் போய், டார்ச் அடித்துவிட்டு வெளியே வந்தாள்.

"டிரம் மறைக்குது. சக்கரத்தைக் கழட்டினாத்தான் தெரியும்."

"கழட்டாமத் தெரியாதா? இன்னொரு தடவை படுத்துப் பாரேன்."

"நீங்க படுங்களேன். காலையிலேர்ந்து ஏழு வண்டிக்கடியில படுத்து என் முதுகு உருளைக்கிழங்கு வயல் மாதிரி இருக்கு. உங்க கோட்டப் பாருங்க, கல்யாணத்துக்கு வந்தவர் மாதிரி."

கேப்டன் புல்லைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார். "கழட்டிடு" என்றார்.

நெவில் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி டோரீன் சாண்ட்விச்சை மெல்வதை நிறுத்தினாள். அந்த ஐந்து நாலான கதை அவளுக்குத் தெரியும். அரத்தூள் அவளுடைய ரொட்டிப் பலகையில்தான் விழுந்தது.

"போச்சா?" என்றாள் மெதுவாக.

"பேசாம இரு."

"நான் பேசலாம். எனக்கு விதி கிடையாது."

ஹேசல் நடு நட்டில் ஸ்பேனரை மாட்டி அழுத்தினாள். அசையவில்லை. ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் செருகி நீட்டி அழுத்தினாள். அசையவில்லை. குழாயின் மேல் ஒரு காலை வைத்து ஏறிக் குதித்தாள். ஜீப் குலுங்கியது. நட்டு குலுங்கவில்லை.

ஏன் என்று நெவிலுக்குத் தெரியும். இந்த ஜீப்பின் இடப்பக்கச் சக்கரங்களுக்கு எதிர்மரை. மற்ற நட்டுகள் கழலும் பக்கமாகத் திருகினால் இவை இறுகும். நட்டின் தலையில் அதைச் சொல்ல ஓர் எழுத்து பொறித்திருக்கும், ஆனால் அது நெவிலின் நான்கு பூச்சுப் பச்சைக்கடியில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. ஹேசல் குதிக்கக் குதிக்க, நட்டு இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. குதிடி அம்மா, நன்றாகக் குதி என்று நெவில் மனதுக்குள் உற்சாகப்படுத்தினார்.

"என்ன இளிப்பு?" என்றாள் டோரீன்.

"இளிக்கல."

"பல்லு தெரியுது."

ஹேசல் நெற்றியைத் துடைத்தாள். "துருவுல ஒட்டிக்கிச்சு கேப்டன். நடு நட்டு வராது. வெளிவட்டத்த எடுக்குறேன்."

"அத எடுத்தா?"

"டிராக்டர்ல அப்படித்தானே. நடுவுல மக்கர் பண்ணுச்சுன்னா வெளி நட்டுகள எடுத்துட்டு டயரும் ரிம்மும் சேத்துத் தூக்கிருவோம்."

"ஆபத்து ஒண்ணும் இல்லையே?"

"இருந்தா சிகப்பு அடிச்சிருப்பாங்க. என் லாரில தொடக் கூடாத நட்டு எல்லாம் சிகப்பு. இங்க எல்லாமே பச்சைதான, பாருங்க."

நெவிலின் பல் மறைந்தது.

போன வருஷம் வரை அந்த எட்டு நட்டும் சிவப்பாகத்தான் இருந்தன. டயரில் காற்று இருக்கையில் அவற்றைத் தளர்த்தினால், வெளிப்பாதி பீரங்கிக் குண்டாகி எதிரே குனிந்திருப்பவரின் முகத்துக்கு வரும். அப்படி முகம் இழந்தவர்கள் இருந்ததால்தான் பிரிட்டிஷ் ராணுவத்தில் சிவப்பு அடித்தார்கள். நெவிலுக்கு முன்னால் இந்த ஜீப்பை வைத்திருந்தவரும் அதனால்தான் அடித்திருந்தார். போன வருஷப் போட்டியில் கேப்டன் லோம்பே அதைப் பார்த்தார். அமெரிக்கத் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது சிவப்பு கிடையாது என்றார். அசலுக்கு மாறான வண்ணம், ஐந்து மதிப்பெண் குறைவு. நெவில் கோப்பையைத் தவறவிட்டதும் ஐந்தே மதிப்பெண்ணில்தான். அந்தக் குளிர்காலம் நாற்பது நட்டுக்கும் பச்சை அடித்தார். இன்று காலை, ஜீப் நெஞ்சை நிமிர்த்தி நிற்கட்டுமே என்று எல்லா டயரிலும் வேண்டியதைவிட இருபது பவுண்டு காற்றைக் கூடுதலாக ஏற்றியும் இருந்தார்.

ஹேசல் சக்கரத்துக்கு நேர் எதிரே முழங்கால் போட்டு உட்கார்ந்தாள். உச்சியிலிருந்த முதல் நட்டில் ஸ்பேனரை மாட்டினாள். பச்சை வெடித்தது. நட்டு சுகமாகக் கழன்று வந்தது.

"பாத்தீங்களா? வெண்ணெய்."

நெவில் வாயைத் திறந்தார். சொல் வரிசையாக உள்ளே நின்றது: நிறுத்து, அது இல்ல, நடு நட்ட எதிர்ப்பக்கம் திருப்பு. முதல் இரண்டைச் சொன்னால் மூன்றாவதையும் சொல்ல வேண்டிவரும், மூன்றாவதைச் சொன்னால் சக்கரம் கழன்றுவிடும். சக்கரம் கழன்றால் ஐம்பத்து மூன்று வெளியே வரும். கோப்பை போகட்டும், சங்கத்தில் யாரும் இனி அவர் முகத்தைப் பார்த்து வானிலை கூடப் பேச மாட்டார்கள். எட்டில் ஒன்றுதானே போயிருக்கிறது, ஏழு இருக்கிறது, நல்ல எஃகு. அவளே நிறுத்திவிடுவாள். அல்லது கேப்டனுக்குத் தெரிந்திருக்கும், அவர் நிறுத்துவார்.

கேப்டன் வண்ணச்சீட்டை ஜீப்பின் பக்கத் தகட்டில் பிடித்து, ஏழாம் பச்சையா எட்டாம் பச்சையா என்று ஒற்றைக் கண்ணால் யோசித்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது நட்டு முதலாவதற்கு அடுத்ததே. அதுவும் கழன்றது.

"நெவில்," என்றாள் டோரீன், "உன் மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துப் போச்சு?"

"ஒண்ணுமில்ல."

"அவ செய்யறது தப்பா?"

நெவில் மிச்சத்தை எண்ணினார். ஆறு இருக்கிறது. ஆனால் போன இரண்டும் பக்கத்துப் பக்கத்து நட்டுகள். ஹேசல் எதிரெதிராக எடுத்திருந்தாலாவது பரவாயில்லை. அவள் கடிகாரமுள் போல வரிசையாகப் போய்க்கொண்டிருந்தாள். ஸ்பேனர் மூன்றாவதில் விழுந்தது. கால் சுற்று, அரைச் சுற்று. அவளுடைய மூக்கு ரிம்முக்கு ஒரு முழத்தில் இருந்தது.

மூன்றாவது நட்டு அவள் உள்ளங்கையில் விழுந்ததும் நெவில் அதைப் பார்த்தார். இரண்டு பாதியும் சேரும் இடத்தில் பச்சைப் பூச்சு மயிரிழையாகக் கிழிந்தது. இழைக்குள் துருவின் சிவப்பு. அந்த இழை ஒரு விரல் அளவு இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு விரலாயிற்று. ஹேசல் நட்டை உள்ளங்கையில் இடுக்கிக்கொண்டு ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்ததால் அதைப் பார்க்கவில்லை.

"கொஞ்சம் மன்னிக்கணும்..." என்றார் நெவில். தபால் நிலையத்தில் முன்னால் நிற்பவரிடம் பேனா கேட்கிற குரல் அது.

கேப்டன் திரும்பாமலேயே ஒரு விரலைத் தூக்கினார். "விதி பதினாலு, மிஸ்டர் தர்ஸ்டன். பத்து மார்க்."

ஹேசல் ஸ்பேனரை நான்காவதில் மாட்டினாள். ரிம் முனகியது. மரக்கதவு காற்றில் முனகுவதுபோல, மிகச் சின்னதாக.

கயிறு எப்போது காலில் சிக்கியது, எப்போது கம்பத்தோடு பிடுங்கிக்கொண்டு வந்தது என்று நெவிலுக்குத் தெரியாது. "கையை எடு!" என்று கத்தினார். "ஹேசல், விட்டுடு! எதிர்ல இருக்காத! பக்கத்துல உருளு!"

"என்னது?"

"காத்து இருக்கு! ரெண்டு பாதி ரிம்! காத்து இருக்குடி!"

ஹேசலுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஸ்பேனரை நட்டிலேயே விட்டுவிட்டு இடப்பக்கம் சரிந்து, ஈரப்புல்லில் இரண்டு முறை புரண்டு, ஜீப்பின் முன்சக்கரத்தருகே போய்க் கிடந்தாள். ஸ்பேனர் தனியாகத் தொங்கி மெல்ல ஆடியது.

"கேப்டன், நீங்களும் நகருங்க."

"மிஸ்டர் தர்ஸ்டன், கயிற்றை..."

"நகருங்கன்னு சொன்னேன்!"

டோரீன் நாற்காலியை உதைத்துத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். வேடிக்கை பார்க்க நின்ற கூட்டத்தை நோக்கி இரண்டு கையையும் விரித்தாள். "பின்னால போங்க! எல்லாரும்! சக்கரத்துக்கு நேரா ஒருத்தரும் நிக்காதீங்க! ஐஸ்க்ரீம் வச்சிருக்கறவரே, உங்களத்தான். அந்த நாயையும் இழுத்துக்கிட்டுப் போங்க!" கூட்டம் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே கலைந்தது.

காற்றை இறக்க வேண்டும். வால்வு ரிம்மின் முகத்தில், காலியாகிப்போன மூன்று நட்டு இடங்களுக்கு அடியில் இருந்தது. நெவில் வண்டியின் பின்பக்கம் போய், டயர் தரையில் உருளும் பக்கத்தை ஒட்டிக் குப்புறப் படுத்தார். முகத்தைப் புல்லில் புதைத்துக்கொண்டு வலது கையை மட்டும் டயரைச் சுற்றி முன்னால் நீட்டினார். ரிம் வெடித்தால் கை போகும். தலை மிஞ்சும். வண்டி பழுது பார்ப்பவர்கள் தேநீரோடு பேசிச் சிரிக்கும் கணக்கு அது. கணக்கில் இருப்பது தன் கையாக இருக்கும்போது சிரிப்பு வரவில்லை.

விரல் வால்வைத் தொட்டது. மூடியைத் திருகினார். திரும்பவில்லை. மூடிக்கும் பச்சை அடித்திருந்தார். மூடி, வால்வு, ரிம் மூன்றும் ஒரே பூச்சில் ஒட்டியிருந்தன, கண்ணுக்கு ரொம்ப அழகாக.

"என்ன ஆச்சு?" என்று ஹேசல் தரையிலிருந்தே கேட்டாள்.

"பெயின்ட் பிடிச்சிருக்கு."

"நகத்தால சுரண்டுங்க. அசைக்காதீங்க. சுரண்டுங்க."

அவர் சுரண்டினார். நகக்கண்ணில் பச்சை ஏறியது, பிறகு ரத்தம். ரிம் இன்னொரு தரம் முனகியது, இந்தத் தடவை கொஞ்சம் நீளமாக. நான்காம் நட்டில் தொங்கிய ஸ்பேனர் தானாகவே நழுவிப் புல்லில் விழுந்தது. தூரத்தில் ஒரு பெண் வீறிட்டாள். மூடி ஒரு நூல் நகர்ந்தது. நெவில் அதைச் சுழற்றி எடுத்து, தலைகீழாக்கி, அதன் பிளவுமுனையால் வால்வின் உள்ளூசியைத் தேடினார். முதல் தடவை வழுக்கியது. இரண்டாம் தடவையும். மூன்றாம் தடவை பிடித்தது. ஒரு சுற்று, இரண்டு, மூன்று.

ஊசி அவர் விரலை அறைந்துவிட்டுப் பறந்தது. காற்று வீல் என்று கிளம்பியது. மைதானத்தில் வாத்தியக் குழு நிறுத்திக்கொண்டது. நெவில் கையை இழுத்துக்கொண்டார், ஆனால் எழுந்திருக்கவில்லை. வீறிடல் சீழ்க்கையாகி, சீழ்க்கை பெருமூச்சாகி, ஜீப் தன் பின் இடது மூலையில் மெல்ல அமர்ந்தது. ஒன்றரை நிமிஷம் ஆகியிருக்கும்.

கேப்டன் தொண்டையைச் செருமினார்.

"மிஸ்டர் தர்ஸ்டன், நீங்க கயிற்றைத் தாண்டிட்டீங்க."

"கேப்டன்," என்றாள் ஹேசல் எழுந்து உட்கார்ந்து, "தயவு செஞ்சு வாயை மூடுங்க."

கேப்டன் வாயை மூடினார். ஹேசல் நெவிலைப் பார்த்தாள். அவள் கையில் இன்னும் அந்த மூன்றாவது நட்டு இருந்தது. ஒரு பக்கம் பச்சை உதிர்ந்து, அடியில் சிவப்பு தெரிந்தது. அதைப் பெருவிரலால் தேய்த்தாள்.

"இதுல சிகப்பு இருந்திருக்கு. யார் அழிச்சது?"

"நான்தான்."

"எந்த மடையனாவது இத அழிப்பானா?"

கேப்டன் தன் அட்டையில் தாள்களைப் புரட்டினார். போன வருஷத்துத் தாளில் நின்றார். அதில் அவருடைய முத்து முத்தான கையெழுத்து இருந்தது. கேப்டன் அதைக் கொஞ்ச நேரம் படித்தார். பிறகு யாரும் கேட்காமலே, "மைனஸ் அஞ்சு" என்றார். "நான்தான் போட்டேன்."

ஹேசல் இரண்டு ஆண்களையும் மாறி மாறிப் பார்த்தாள், எந்த டிராக்டரும் இந்த அளவு கெட்டுப்போனதில்லை என்பதுபோல.

நெவில் ஸ்பேனரை எடுத்தார். நடு நட்டில் மாட்டி எதிர்ப்பக்கம் அழுத்தினார். ஹேசல் ஏறிக் குதித்து இறுக்கியதால் முதல் நட்டுக்கு முழு பலமும் வேண்டியிருந்தது, ஆனால் வந்தது. மற்ற நான்கும் முனகாமல் வந்தன.

"எதிர்மரையா?"

"ஆமா."

"நான் அது மேல தவளை மாதிரிக் குதிச்சிக்கிட்டிருந்தப்போ உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"சொல்லல."

ஜாக்கியில் வண்டியைத் தூக்கினார். சக்கரத்தை உருவி, திருப்பிப் புல்லில் போட்டார். முத்திரையின் மேல் கையை வைத்துத் துடைத்தார். "இதுக்காகத்தான் சொல்லல. இது அம்பத்தி மூணு. அஞ்ச நாலாக்கினது நான்."

கேப்டன் லோம்பே ஈரப்புல்லில், கல்யாணக் கோட்டோடு, முழங்கால் போட்டார். பூதக்கண்ணாடியை எடுத்து நெடுநேரம் பார்த்தார்.

"நல்ல வேலை," என்றார். "நாலோட கால் மட்டும் ஒரு இழை நீளம்."

அட்டையில் நெவிலின் பெயரை அடித்தார். இரண்டு கோடு, அளவுகோல் வைத்ததுபோல. அது வரும் என்று நெவிலுக்குத் தெரியும். தெரியாதது அடுத்த கேள்வி.

"நெவில்," என்றாள் ஹேசல். இதுவரை அவள் அவரை மிஸ்டர் தர்ஸ்டன் என்றுதான் அழைத்திருக்கிறாள். "நான் வெளி நட்டுல கை வச்சத எப்போ பாத்தீங்க?"

மூன்றாவது நட்டில்தான் கவனித்தேன் என்று சொல்லலாம். வயசாச்சு, கண்ணாடி போடல, டோரீன் பேச்சுக் கொடுத்தாள் என்று சொல்லலாம். டோரீன் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் அதே கேள்வியைக் கேட்டவள்தான், இரண்டாவது நட்டின்போது.

"முதல் நட்டுலயே," என்றார் நெவில்.

ஹேசல் புல்லில் கிடந்த நட்டுகளைப் பொறுக்கினாள். ஒன்று, இரண்டு. கையிலிருந்ததோடு மூன்று. மூன்றையும் ஜீப்பின் மூக்கின் மேல் வரிசையாக வைத்தாள். சிவப்பு தெரிந்த பக்கம் வெளியே இருக்கும்படி மூன்றாவதைத் திருப்பினாள்.

"மத்த நாலு சக்கரத்துலயும் காத்து இருக்கா?"

"இருக்கு."

"எவ்வளவு?"

"அம்பத்தஞ்சு பவுண்டு."

"எறக்குங்க. எல்லாத்தையும். இங்கேயே, இப்பவே. நான் பாத்துக்கிட்டு நிக்கிறேன்."

கேப்டன் மற்ற வண்டிகளின் வரிசையை நோக்கி நடந்தார். வரிசையில் இன்னும் ஒன்பது ஜீப். போன வருஷம் அவர் கையால் மதிப்பெண் குறைந்தவர்கள் ஒன்பது பேர், எல்லாச் சக்கரமும் அழகான பச்சை. முதல் ஜீப்பை எட்டியதும் அவர் நடை வேகமாயிற்று. "ஸ்பேனரக் கீழ வைங்க" என்று அவர் கத்துவது கேட்டது. "யாரும் எதையும் தொடாதீங்க."

நெவில் முன் இடது சக்கரத்தருகே பக்கவாட்டில் படுத்தார். மூடியின் பச்சையைச் சுரண்டினார். காற்று போயிற்று. எழுந்து முன் வலதுக்குப் போனார். பிறகு பின் வலது. கூட்டம் திரும்பி வந்து, மரியாதையான தூரத்தில் நின்று பார்த்தது. நான்கு வருஷம் இரண்டாம் பரிசு வாங்கிய ஜீப் ஒவ்வொரு மூலையாகப் புல்லுக்குள் இறங்கியது. கடைசியாகப் பின்னால் தொங்கிய ஸ்டெப்னி. அதில் ஊசியைக் கழற்றியபோது அவர் கை மரத்துப்போயிருந்தது. சத்தம் குறைந்து, நின்றதுபோல இருந்தது. அவர் நிமிர்ந்தார்.

"இன்னும் வருது," என்றாள் ஹேசல்.

அவர் மறுபடி குனிந்து காதை வைத்தார். வந்துகொண்டுதான் இருந்தது.